அதிஜாவுக்கு ஊதிய மூச்சு

என் தங்கை அதிஜாவைக் கட்டிக்கொள்ள அமிஸ்ஸே எங்கள் ஊருக்கு வந்தபோது போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வீடு பெண்ணுடையது. பிள்ளைகள் பெண்ணின் குடிக்கு. அவர்களுக்கு வாப்பாவைவிடத் தாய்மாமன்தான் பொறுப்பு. தெற்கே மொசூரில் என்ற ஊரிலிருந்து ஒரு பாய், முக்குளிக்கும் கண்ணாடி, ஒரு தகர டின் நிறையச் சங்குகள், இவ்வளவோடு அமிஸ்ஸே வந்து இறங்கினான்.

"என்ன அண்ணே, மாப்பிள்ளை ஏதாவது கொண்டு வருவார்னு பாத்தா நத்தை பொறுக்கிட்டு வந்திருக்காரு," என்றாள் அதிஜா, அவன் காதில் விழும்படி.

"இதை வித்தா உனக்கு நாலு சீலை வாங்கலாம். உன் வாயை மூடத்தான் ஒண்ணும் கிடைக்காது," என்றான் அவன். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

அவன் எடுத்து விற்றது கூம்புச் சங்கு. ஒரு முனை தட்டையாக இருக்கும், மறுமுனை கூம்பிப்போகும். உடம்பு முழுக்க யாரோ பொறுமையாக உட்கார்ந்து வரைந்த மாதிரி கோடும் புள்ளியும் முக்கோணமுமாக இருக்கும். கரையில் செத்து ஒதுங்கியதை வியாபாரி தொடமாட்டான், அதில் பளபளப்புப் போயிருக்கும். உயிரோடு எடுத்து அவித்துச் சதையை உருவியதுதான் விலைபோகும். நீர் வற்றும் நாட்களில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் பவளக் கற்களைப் புரட்டிக்கொண்டு போவார்கள். சிப்பியும் மட்டியும் சாப்பாட்டுக்கு, கூம்புச் சங்கு வியாபாரிக்கு.

"சின்னதுங்க புழு தின்னும். கொத்துனா குளவி கொட்டுன மாதிரி கடுக்கும், அவ்வளவுதான். மீன் தின்னுற பெரிசு வேற," என்று அமிஸ்ஸே எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான். "வலிக்காது. அதுதான் மோசம். மீனை ஓடவிடாம நிறுத்துற விஷம் அது. ஓடு மெலிசா, வாய் அகலமா, இளஞ்சிவப்பா ஒண்ணப் பாத்தா என்னக் கூப்பிடுங்க. கையில எடுக்காதீங்க."

அதிஜா இதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். அவன் சொல்வதுபோலவே இடுப்பில் கைவைத்துக்கொண்டு, குரலை மாற்றிச் சொல்லிக் காட்டுவாள். அவர்களுடைய மூன்று வயது மகள் ரெஹெமா உம்மாவைப் பார்த்து அதையே சொல்லிக் காட்டுவாள். அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

போர் முடிந்து ஐந்தாவது வருடம், முந்திரி பழுக்கும் காலம். அமாவாசை கழிந்த மறுநாள் காலை பத்து மணிக்குக் கடல் வெகுதூரம் வற்றிக் கிடந்தது. நானும் அமிஸ்ஸேயும் மணலில் சாய்ந்து கிடந்த ஊர்ப் படகோட்டி சாலே அண்ணனின் படகுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தோம். அதிஜா பவளத்திட்டிலிருந்து வந்தாள். முகத்தில் முசிரோ மரத்தை இழைத்து அழகுக்குப் பூசிய வெள்ளைச் சாந்து காய்ந்து வெடித்திருந்தது. தலையில் சிப்பிக் கூடை. ஒரு கையால் இடுப்புச் சீலை மடிப்பைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

"ஏ மொசூரில்காரரே, கண்ண மூடும். உம்ம ஆயுசுல இப்படி ஒண்ணப் பாத்திருக்கமாட்டீரு."

அவள் மடிப்பைப் பிரித்தாள். உள்ளங்கை நீளம் இருந்தது. மெல்லிய ஓடு, அகன்ற வாய், இளஞ்சிவப்பில் பழுப்பு வலை. ஒரு கீறல் இல்லை.

அமிஸ்ஸே அதைத் தட்டிவிட்டான். அது மணலில் போய் விழுந்தது.

"அறிவிருக்கா உனக்கு? மடியிலயா வச்ச? எங்கயாவது குத்துச்சா?"

"ஐயோ, மூஞ்சியப் பாரு அண்ணே இவருக்கு! கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருந்துது, அவ்வளவுதான். அதுக்கு..."

அவன் சீலையை விலக்கிப் பார்த்தான். இடுப்பெலும்புக்கு மேலே சின்னதாக ஒரு நீலப்புள்ளி. நான் எட்டிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது எனக்கு. இதற்கா இந்தக் கூச்சல் என்று.

"தள்ளு," என்றான் அமிஸ்ஸே. "படகத் தண்ணிக்குத் தள்ளு மச்சான். நகாலா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

நீர் வற்றிய நேரம். படகைத் தண்ணீர் வரைக்கும் இழுக்கவே நாலு பேருக்கு அரை மணி ஆனது. படகில் ஏறும்போது அதிஜா தானாகத்தான் நடந்தாள். சாலே அண்ணன் காற்றுக்குப் பாயை விரித்தார். ரெஹெமாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம்.

"நாக்கு தடிக்குது," என்றாள். "பச்சை முந்திரிப்பழத்தத் தின்ன மாதிரி." கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைக் கசக்கினாள். "எனக்கு ரெண்டு அமிஸ்ஸே தெரியுது அண்ணே. ஒண்ணையே தாங்கல."

யாரும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேச்சு குழறியது. ரெஹெமாவைப் பற்றி ஏதோ சொன்னாள். "கஞ்சி" என்ற சொல் மட்டும் புரிந்தது. இமைகள் தாமாக இறங்கின. அவற்றை விரலால் தூக்கிவிடப் பார்த்தாள், கை எழும்பவில்லை. ஊர்க்கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே அவள் மூச்சு நின்றது.

அமிஸ்ஸே அலறவில்லை. அவளைப் பலகையில் படுக்கவைத்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினான். நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. மறுபடி ஊதினான். கப்பலில் வேலை பார்த்தபோது மூழ்கிய ஒருவனுக்கு இப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறானாம்.

"விஷம் தானா இறங்கும். அதுவரைக்கும் நாம மூச்சு குடுக்கணும். என்னைப் பாத்துக்க, அடுத்து நீ," என்றான்.

நாங்கள் மாறி மாறி ஊதினோம். அவன் நூறு, நான் நூறு. அவள் முகத்துச் சாந்து எங்கள் இரண்டு பேர் வாயிலும் மூக்கிலும் ஒட்டியது. அதன் கசப்பு நாக்கில் இறங்கியது. முதல் ஒரு மணி நேரம் எனக்கு நம்பிக்கை இருந்தது. இரண்டாம் மணியில் தலை சுற்றியது, உதடு வெடித்து ரத்தம் வந்தது. அப்போதுதான் காற்று விழுந்தது. பாய் துவண்டு தொங்கியது. சாலே அண்ணனால் தனியாகத் துடுப்புப் போட முடியவில்லை. இருப்பதில் பலசாலி அமிஸ்ஸே. அவன் துடுப்புக்குப் போனான்.

"நிறுத்தாத மச்சான். நான் வலிக்கிறேன். நீ மட்டும் நிறுத்தாத."

நகாலாத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிய ஆரம்பித்திருந்தன. நான் ஊதிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். சாலே அண்ணன் சுக்கானை முழங்காலில் இடுக்கிக்கொண்டு குனிந்து அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார். கருமணி அகன்று, அசையாமல், எங்கள் யாரையும் பாராமல் நின்றது. அவர் இமையை மூடிவிட்டுக் கலிமா சொன்னார்.

"அசுமானே," என்றார் என்னிடம், மெதுவாக. "போதும்ப்பா. பிள்ளை போயிட்டா. மையித்தோட வாயில ஊதக்கூடாது, பாவம்."

நான் நிறுத்தினேன்.

இதை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சாலே அண்ணன் சொன்னார், அதனால் நிறுத்தினேன் என்று. களைப்பு என்று. கண்மணி அசையவில்லை என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் நிறுத்தியது நான்.

"முடிஞ்சுபோச்சு மச்சான்," என்றேன்.

அமிஸ்ஸே துடுப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தான். அவள் வாயில் வாய் வைத்தான். சாலே அண்ணனும் நானும் அவனைப் பிடித்து இழுத்தோம். படகு சாய்ந்து தண்ணீர் ஏறியது. அவன் ஒரு கை மட்டும் அவள் கழுத்தை விடவில்லை.

"இருக்காடா! கழுத்துல துடிக்குது, தொட்டுப் பாரு! கண்ணுல தண்ணி வருது பாரு!"

"கடல் தண்ணி தம்பி," என்றார் சாலே அண்ணன். "படகு ஆடுது, அதான் துடிக்கிற மாதிரி இருக்கு. மனசத் தேத்திக்க."

"மச்சான், நீ தொட்டுப் பாரு. ஒரே ஒரு தடவ."

நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் துடிக்கும், துடித்தால் மறுபடி ஊத வேண்டியிருக்கும், இனி என்னால் முடியாது. இப்போது யோசித்தால் அதுதான் காரணம் என்று தெரிகிறது. அவன் என் மணிக்கட்டைக் கடித்தான். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தோமோ தெரியாது. கடைசியில் அவன் உடம்பு தளர்ந்தது. கையை அவள் கழுத்திலிருந்து தானே எடுத்துக்கொண்டான்.

சாலே அண்ணன் படகைத் திருப்பினார். பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்ய வேண்டும் அல்லவா. திரும்பும்போது நல்ல காற்று கிடைத்தது.

கரையில் கூடியிருந்தவர்கள் எங்கள் வாயைச் சுற்றி ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். அதிஜாவை அன்றே கபரில் வைத்தோம். அமிஸ்ஸே தட்டிவிட்ட சங்கை யாரோ எடுத்து அவித்து வைத்திருந்தார்கள். அடுத்த முறை வியாபாரி வந்தபோது அது போய்விட்டது. நல்ல விலை என்று கேள்வி.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் குடி கூடியது. எங்கள் தாய்மாமன் முஸ்ஸாதான் பேசினார்.

"இவன் வர்றதுக்கு முன்னாடி எங்க பொம்பளைங்க சிப்பிதான் பொறுக்குனாங்க. இவன் தொழில்தான் அவளக் கொன்னுது. பொண்டாட்டி போனா புருசனுக்கு இங்க என்ன வேலை? போகட்டும். பிள்ளை நம்மது."

அமிஸ்ஸே சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். இதோ சொல்லப்போகிறான், படகில் நடந்ததைச் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை.

"ரெஹெமாவ மட்டும் எங்கூட அனுப்புங்க மாமா," என்றான்.

"அது வழக்கமில்ல," என்றார் மாமா. "அசுமானே, நீ என்ன சொல்ற? இனி பிள்ளைக்கு நீதான்."

ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். மாமா பிடிவாதக்காரர்தான், ஆனால் கல்மனசுக்காரர் இல்லை. "வழக்கம் வழக்கம்தானே," என்றேன்.

அவன் வந்தபோது கொண்டுவந்த பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். முக்குளிக்கும் கண்ணாடியை எடுத்துக்கொள்ளவில்லை. ரெஹெமா "வாப்பா, வாப்பா" என்று பின்னால் ஓடினாள். நான்தான் அவளைத் தூக்கி வந்தேன். என் வயிற்றில் உதைத்தாள். குழந்தையின் உதைதான், ஆனாலும் வலித்தது.

நான்கு வருடம் போனது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்தால் வேறு ஊருக்கு, வேறு பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். ரெஹெமாவுக்குச் சோறு பொங்கி, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பினேன். நல்ல தாய்மாமன் என்று ஊரில் பெயர். அவளுக்கு ஏழு வயதில் மலேரியா முற்றியது. நகாலா ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அன்று மாலை பக்கத்துக் கூடத்துக்கு ஒருவனைத் தூக்கி வந்தார்கள். முக்குளிப்பவன். உள்ளங்கையில் நீலப்புள்ளி. மூச்சில்லை. கூட வந்தவர்கள் மாறி மாறி அவன் வாயில் ஊதிக்கொண்டே வந்திருந்தார்கள். செலஸ்தீனா என்ற நர்ஸ் அவன் முகத்தில் ஒரு மூடியை வைத்து, அதோடு சேர்ந்த ரப்பர் பந்தைப் பிசைய ஆரம்பித்தாள். கருமணி அகன்று அசையாமல் நின்றதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"கண்ணு நின்னுபோச்சேம்மா," என்றேன், கேட்காமல் இருக்க முடியாமல்.

"கண்ணும் மரத்துப்போகும். அத நம்பக்கூடாது. நெஞ்சு அடிக்குதான்னுதான் பாக்கணும்." அவள் திரும்பிப் பார்க்காமல் பிசைந்தாள். "அடிக்குது. காலைவரைக்கும் யாராவது பிசைஞ்சா பிழைச்சுக்குவான். கை சும்மாதானே இருக்கு உங்களுக்கு? வாங்க."

நானும் பிசைந்தேன். அவனுடைய ஆட்கள், செலஸ்தீனா, நான். விடியும்போது அவன் விரல் அசைந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். சுற்றிலும் ஒரே சிரிப்பு, அழுகை.

"நேத்து வழியிலயே ஒருத்தன் சொன்னான், இவன் போயிட்டான், துணியப் போட்டு மூடுங்கன்னு," என்றான் அவன், குழறலோடு. "யாருடா அது? எனக்கு எல்லாம் கேட்டுச்சு. ஒண்ணுவிடாம கேட்டுச்சு. இருக்கேன்டா, இருக்கேன்டான்னு உள்ள கத்துறேன். ஒரு விரலக்கூட ஆட்ட முடியல."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நான் வெளியே போய், மொசூரிலுக்கு எப்போது லாரி என்று விசாரித்தேன்.

மறுநாள் ரெஹெமாவைச் சாலே அண்ணனோடு ஊருக்கு அனுப்பிவிட்டு, லாரி பிடித்து மொசூரிலுக்குப் போனேன். அமிஸ்ஸே உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். உச்சி வெயில். வெறுங்காலில் உப்பு வாரிக் குவித்துக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "ரெஹெமாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லா இருக்கா."

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் சொன்னதை, அந்த ஆள் சொன்னதை. அவன் உப்பு வாரியை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"தெரியும்," என்றான் கடைசியில். "என் கை அவ கழுத்துலதானே இருந்துச்சு. ரொம்ப நேரம் துடிச்சுது மச்சான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சு நின்னுச்சு. அது நின்னதும்தான் கைய எடுத்தேன்."

உப்புக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்ப ஏன் குடி கூடுனப்போ சொல்லல? சொல்லியிருந்தா உன்ன வெரட்டியிருக்க மாட்டாங்களே?"

"சொன்னா என்ன ஆகும்? வழக்கப்படி பிள்ளை உங்கிட்டதான் இருக்கப்போகுது. உம்மாவக் கொன்னவன்னு ஊரே சொல்ற ஒருத்தன் கையிலயா எம்பிள்ள சோறு திங்கணும்?" அவன் மறுபடி உப்பை வார ஆரம்பித்தான். "உனக்காக இல்ல. உன்ன நான் மன்னிக்கல. அதுக்கு வந்திருந்தா எந்திரிச்சுப் போ."

"பிள்ளையக் கூட்டிட்டு வரேன்," என்றேன்.

வாரி நின்றது. அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "எப்ப?" என்றான்.

அடுத்த பெருநாளுக்குக் கூட்டிப்போனேன். ரெஹெமாவுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. என் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவங்க யாரு மாமா?" என்றாள். அவன் அவளுக்காகத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சோறு ஆக்கி வைத்திருந்தான். அவள் தின்பதை ஒரு வாய் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை போனோம். அவளோடு சிரித்துப் பேசுவான். என்னோடு பேசமாட்டான். எனக்கும் தட்டில் சோறு வைப்பான், அவ்வளவுதான்.

ரெஹெமாவுக்குப் பத்தொன்பது வயதானபோது கல்யாணப் பேச்சு வந்தது. ஒருநாள் மாலை மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "மாமா, வாப்பா ஏன் உங்களோட மட்டும் பேசமாட்டாரு? நானும் சின்னதுலேர்ந்து பாக்குறேன்."

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் அதிஜாவின் குரலில் கேட்டாள். சொல்லிவிட்டேன். நகாலா தெரிந்த தூரம், சாலே அண்ணன் சொன்னது, நான் தொட்டுப் பார்க்காதது, குடி கூடிய அன்று நான் சொன்னது, எல்லாம். அவள் கையில் மீன் அப்படியே இருந்தது.

"உம்மாவுக்குக் கேட்டிருக்குமா?" என்றாள்.

"என்னது?"

"முடிஞ்சுபோச்சுன்னு நீங்க சொன்னது."

பொய் சொல்லத்தான் நினைத்தேன். "கேட்டிருக்கும்," என்றேன்.

அவள் மீனைக் கழுவி முடித்தாள். உப்புப் போட்டாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போனாள். காலையில் சீலைகளை மடித்து மூட்டை கட்டியிருந்தாள். வாப்பாவிடம் போகிறேன் என்றாள். முஸ்ஸா மாமா தடியை ஊன்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"பொண்ணு குடிய விட்டுப் போறதா? எங்கயாவது கேட்டிருக்கா? அசுமானே, வாயில என்ன கொழுக்கட்டையா? தடுடா!"

"போகட்டும் மாமா," என்றேன். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பிள்ளைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மூட்டையை நான்தான் படகில் ஏற்றினேன். என் கை படாமல் அவள் ஏறினாள். உட்கார்ந்த பிறகு, "சோத்துப் பானை அடுப்புலயே இருக்கு, எறக்கி வச்சிருங்க," என்றாள்.

அங்கே ஒரு பள்ளி ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று சாலே அண்ணன் விசாரித்துச் சொன்னார். அமிஸ்ஸே இப்போது உப்பளத்துக்குப் போவதில்லையாம், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறானாம். பெருநாளுக்கு அவள் வருவாள் பாரு என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பெருநாள் போய்விட்டது.